மிஞ்சிய மண்

…தெரியவில்லை என்று அவர்கள் சொல்வதால் இல்லாமல் போய்விடுமா, எனக்குத் தெரிகிறதே, இதோ இங்கே மண் ஒரு நிறம், விரலை ஓர் இழை நகர்த்தினால் வேறு நிறம், காய்ந்த மண்ணில் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, தண்ணீரைத் தெளித்துவிட்டு அது உள்ளே இறங்குகிற அந்தக் கண நேரத்தில் பார்க்கவேண்டும், வெட்டி மூடிய மண் சட்டென்று குடித்துவிடும், யாரும் தொடாத மண் யோசித்து யோசித்துக் குடிக்கும், ஒருமுறை கை பட்ட மண் எத்தனை காலம் ஆனாலும் பழையபடி இறுகாது, இது எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாக முட்டி போட்டே சோறு தின்கிறவளுக்கு இதுகூடத் தெரியாமல் என்ன… காலையில் அகழாய்வு இயக்குநர் வந்தார், குழியின் மேல் விளிம்பில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி கழற்றினார், "குழி வெட்டின தடம் எங்கேம்மா? எனக்கு எல்லாம் ஒரே மண்ணாத்தான் தெரியுது" என்றார், பக்கத்தில் படம் வரைகிறவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எனக்கும் தெரியல சார், ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று யாருக்கும் நோகாமல் ஒரு பதில் சொன்னான், அவனுக்கு எதிர்காலம் உண்டு. நான் குனிந்து மண்ணைச் சுரண்டினேன். பேசினால் கத்தியிருப்பேன். இது ஒரு கல்லறை, ஆள் படுக்கிற நீளம், ஆள் படுக்கிற அகலம், யாரோ யாரையோ வைத்து மூடிய இடம், உள்ளே எலும்பு இல்லை என்பதெல்லாம் ஒரு பேச்சா, இந்த மண் எலும்பைத் தின்றுவிடுகிற மண், பல்லைக்கூட விடாது, பக்கத்துக் குழிகளில் பானைகள் இருக்கின்றன, பானைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எங்கே, கரைந்துபோனார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஆள் இருந்ததற்கு ஒரே சாட்சி, வெட்டிய மண்ணும் வெட்டாத மண்ணும் சேருகிற அந்த விளிம்புதான். அதனால்தான் அதைக் கரணையால் தொடர்ந்துபோய்க்கொண்டே இருக்கிறேன், கொத்தனார்கள் பூசுகிற அதே கரணைதான், எங்கள் கையில் வந்து சுரண்டிச் சுரண்டிப் பாதியாகிவிடும்.

போகும்போது அவர் திரும்பி நின்றார், அவர் அப்படித்தான், குத்துவதைப் படியேறும்போதுதான் குத்துவார், "பாதி விட்டுத்தானே தோண்டின?" என்றார். இந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது, குழி மாதிரி ஏதாவது தெரிந்தால் முழுதாகத் தோண்டாதே, ஒரு பாதியைத் தோண்டு, மறு பாதியைச் சுவர் மாதிரி நிறுத்திவை, அந்தச் சுவரின் முகத்தில் மண் எப்படி இறங்கியிருக்கிறது என்று படித்தால் அது நிஜமாகவே குழியா இல்லை உன் கண்ணின் ஆசையா என்று தெரிந்துவிடும், புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நானே இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் பாதி விடவில்லை. ஏன் விடவில்லை? கை நிற்கவில்லை, அவ்வளவுதான், மண் அவ்வளவு இணக்கமாக வந்தது, சுரண்டச் சுரண்ட விளிம்பு தானாகவே வழி காட்டியது, இந்தப் பக்கம் வா, இங்கே கொஞ்சம் வளை, இங்கே நேராகப் போ என்று… கால்மாட்டில் மட்டும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, கதவு அகலத்துக்கு ஒரு மண்கட்டி, சாப்பிடப் போகும் அவசரத்தில் நேற்று விட்டது. "கால்மாட்ல இருக்கு சார்" என்றேன். "அதையாவது ஒழுங்கா செதுக்கிப் பாரு. வெட்டு இருந்தா வரைவோம், இல்லன்னா இன்னிக்கே மூடிரு. நாளைக்குக் கூடாரம் பிரிக்கணும்." சரி என்றேன். அது காலையில். இப்போது உச்சி தாண்டிவிட்டது, நான் இன்னும் அந்தக் கட்டியின் பக்கம் போகவில்லை. தலைமாட்டிலேயே உட்கார்ந்து, சுத்தமாக இருக்கிற தரையை மேலும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

எல்லோரும் கூடாரத்தில் சாப்பிடுகிறார்கள், ரொட்டியும் முட்டையும், சிரிப்புச் சத்தம் கேட்கிறது, சல்லடைக்காரர் ஏதோ சொல்லியிருப்பார், மண் சலிக்கிற மனிதர், வாயில் மட்டும் சல்லடை இல்லை, எதுவும் தங்காது. ஊரில் இருக்கிறவர்கள் எங்களைப் பார்த்து உங்களுக்கென்ன காத்தாட வேலை என்பார்கள், காத்தாடத்தான், அந்தக் காற்று மண்ணைக் கொண்டுவந்து கண்ணிலும் காதிலும் பல்லிடுக்கிலும் கொட்டும், இரவு குளித்தபிறகும் தலையணையில் மண் இருக்கும், முட்டி தேய்ந்து மாடிப்படி ஏறும்போது நறநற என்கிறது, கழுத்துக்குக் கீழே ஒரு ஆள் கழுத்துக்கு மேலே ஒரு ஆள் என்று இரண்டு நிறம், அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறைவுகூடக் கிடையாது, ஆண்களுக்கென்ன, திரும்பி நின்றால் போதும், நான் அந்தக் கல் மேட்டுக்குப் பின்னால் போய்வர ஒரு பயணத்துக்குத் தயாராகிற மாதிரி தயாராகவேண்டும். ஆனால் யாராவது அலுவலகத்தில் மேசை தருகிறேன், வந்து உட்கார் என்றால் உட்காருவேனா? மாட்டேன். விடிந்தும் விடியாமல் தார்ப்பாயை விலக்கும்போது கீழேயிருந்து எழுகிற அந்தக் குளிர்ந்த மண் வாசம், தோளோடு தோள் உரச மூன்று பேர் நூல் கட்டிப் பிரித்த ஒரே சதுரத்தில் முட்டி போட்டுப் பேசாமல் சுரண்டுகிற நேரம், கரணை நுனியில் ஏதோ தட்டி உடம்பு முழுக்க ஒரு நொடி நின்றுபோவது, பிறகு பிரஷ், பிறகு ஊதுவது, பிறகு ஒரு பானையின் கழுத்து, அதன் மேல் ஈரக் களிமண்ணில் யாரோ அழுத்திய கட்டைவிரல், அந்த விரலுக்கு அடுத்து அதைத் தொடுகிற விரல் என்னுடையது… அதற்காக முட்டி போகட்டும்.

சட்டைப் பையில் போன் கனக்கிறது. அண்ணி இரண்டாம் முறை கூப்பிடமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, ஒருமுறை சொன்னதோடு சரி, காலையில் தங்குகிற இடத்தில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள், சுற்றி வளைக்கவில்லை. "நாளைக்கு வக்கீல் வரச் சொல்லியிருக்காரு. ரத்த சம்பந்தம் யாராவது ஒருத்தர் வந்து சொல்லணுமாம், இத்தனை வருஷமா எந்தத் தகவலும் இல்ல, இனி இருப்பாருன்னு நாங்க நம்பலன்னு. அத்தைகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீ வர்றியா? வரலன்னாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு போதும்." வாயில் நுரையோடு நான் ம் என்றேன். நுரையைத் துப்பினேன். பிறகு அவளே, "அவர சாகடிக்கணும்னு எனக்கு ஆசையா சொல்லு. எனக்கு ஒரு முடிவு வேணும், அவ்ளோதான்" என்றாள். எனக்குத் தெரியும் அண்ணி. அந்த மனிதரையும் எனக்குத் தெரியும், அண்ணியைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கிறவர், அமைதியான ஆள், மழை நாளில் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு அவள் உள்ளே ஏறும்வரை நனைந்துகொண்டே நிற்கிறவர், அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சட்டத்துக்கு ஏழு வருஷம் போதுமாம். காணாமல் போனவன் ஏழு வருஷம் வராவிட்டால் செத்தவன், ஆனால் அவனாகவே செத்துவிட முடியாது, யாராவது வந்து வாயால் சொல்லவேண்டும், அந்த வாய்தான் நான். என் அண்ணன் இறந்துவிட்டான் என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? எதையும் கண்ணால் பார்க்காமல் நான் யாரையும் இறந்தவர் என்று சொன்னதில்லையே, என் தொழிலே அதுதானே.

அவன் எலக்ட்ரீஷியன். ஒரு சாதாரண நாளில், சாப்பிட்டுவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வீட்டில் ஃபேன் சுற்றவில்லை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான், அந்த வீடு எது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. டெஸ்டரை மட்டும் எடுத்துப்போகவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. டெஸ்டர் இல்லாமல் எவன் மின்சார வேலைக்குப் போவான்? மறந்துவிட்டான், பாதி வழியில் நினைவு வந்து திரும்பியிருப்பான் என்று அம்மா சொன்னாள், அவன் வேலைக்கே போகவில்லை, அதனால்தான் வைத்துவிட்டுப் போனான் என்று போலீஸ்காரர் சொன்னார், ஒரே பொருள், கிடந்த இடம் ஒன்று, அதை வைத்து இரண்டு பேர் இரண்டு கதை… நானாக இருந்தால் என்ன சொல்வேன், என் குழியில் அப்படி ஒன்று கிடைத்தால்? நான் அதை எடுத்து என் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை, சின்னச் சின்ன இடங்களில் மண்ணைக் குத்தி எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது, மெல்லிய கம்பி, தட்டையான நுனி, கண்ணாடி மாதிரி பிடி, பிடிக்குள் குட்டி விளக்கு. அவன் இடது கைக்காரன், பிடியின் ஒரு பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் தேய்ந்து மங்கியிருக்கிறது, என் வலது கையில் அது எப்போதும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அம்மா இன்னும் அவன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்கிறாள், ரொம்ப மரியாதையாகச் சொல்கிறாள், அம்மா அதைக் கேட்டுவிட்டு, சரி, எங்கயோ சிக்னல் இல்லாத இடத்துல இருக்கான் என்று போனை வைத்துவிடுவாள்.

சரக்… சரக்… யார் அதற்குள் வந்துவிட்டது? பக்கத்துச் சதுரத்தில் யாரோ சுரண்டுகிறார்கள், கரணை மண்ணில் இழுபடுகிற சத்தம், எனக்கு அது தாலாட்டு மாதிரி, அதில் தப்பே வராது, நீளமாக ஒரு இழுப்பு, நிறுத்தம், குட்டையாக ஒரு இழுப்பு. யாரோ ஒரு கடமை வீரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "யாரு?" என்றேன். நின்றது. கூடாரத்தில் சிரிப்பு. எழுந்து நின்று இரு குழிகளுக்கும் நடுவில் விட்டிருக்கிற மண் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தேன், பக்கத்துச் சதுரம் காலியாக இருந்தது, தார்ப்பாய் போட்டு நான்கு முனையிலும் கல் வைத்திருந்தது, தார்ப்பாயின் ஓரம்கூட அசையவில்லை. காற்று நூல்களில் பட்டுச் சத்தம் போடும், சதுரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய நூல், அது முனகும், சுரண்டாது. ஆனால் நான் இப்போது காற்று என்றுதான் முடிவு செய்யப்போகிறேன், வேறென்ன முடிவு செய்வது. உட்கார்ந்தேன். கரணையை எடுத்தேன், நீளமாக ஒரு இழுப்பு, நிறுத்தம், குட்டையாக… கையைத் தூக்கிவிட்டேன். அது நான் சுரண்டுகிற விதம். நான் சுரண்டினால் அப்படித்தான் கேட்கும். நான்தானோ, கேட்டது என் கையைத்தானோ, கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்ததா, நான் அண்ணனை நினைத்துக்கொண்டிருக்கும்போது? கீழே பார்த்தால் தலைமாட்டில் புது மண் கொஞ்சம் குவிந்திருந்தது. பயந்துவிட்டேன், சும்மா சொல்லக்கூடாது.

சரி, போதும், கழுதை வயசாகிறது, போய் அந்தக் கட்டியைப் பார், பார்த்துத் தொலை. கால்மாட்டுக்கு நகர்ந்தேன். இந்தக் களம் முழுக்க, எந்தச் சுவரைப் பார்த்தாலும், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சாம்பல் கோடு ஓடும், விரல் தடிமன்கூட இருக்காது, எப்போதோ ஒருமுறை புல்வெளி முழுக்கத் தீப்பிடித்து எரிந்த சாம்பல், அதற்குமேல் மண் மூடி மூடி வந்திருக்கிறது. மேலிருந்து யாராவது குழி வெட்டியிருந்தால் அந்தக் கோட்டை அறுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும், வெளியே கோடு இருக்கும், விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும், குழிக்குள் நிரப்பிய மண்ணில் அது இருக்காது, இருந்தாலும் கலங்கிப் புள்ளி புள்ளியாக இருக்கும். அவ்வளவு எளிது. குழந்தைக்கும் புரியும். நேற்று முன்தினம் நடுவில் தோண்டும்போது சாம்பல் வந்தது… வந்தது, சட்டியில் அள்ளிப் போட்டேன், கலங்கிய சாம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கலங்கித்தான் இருந்ததா? பார்த்தேனா, சொல்லிக்கொண்டேனா? கரணையால் கட்டியின் முகத்தை நேராகச் செதுக்கினேன், தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் தெரியவில்லை, இன்னும் ஒரு படலம் எடுக்கவேண்டும், பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்து நுனியால் மெல்ல, வெளி மண்ணில் தெரிகிற சாம்பல் கோட்டில் வைத்து உள்பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தேன், விளிம்பு வந்தது, நான் விளிம்பு என்று சொல்கிற இடம், அங்கே நுனி படும்போது பிடிக்குள் சிவப்பாக ஒரு துளி எரிந்தது.

கையை உதறினேன். டெஸ்டர் கீழே விழுந்தது. இங்கே மின்சாரம் எங்கிருந்து வரும், சுற்றி எங்கும் ஒரு கம்பம் கிடையாது, ஜெனரேட்டர் கூடாரத்துக்கு அந்தப் பக்கம், அதுவும் பகலில் ஓடாது. மேற்கே சாய்ந்த வெயில் குழிக்குள் ஒரு கீற்றாக விழுந்துகொண்டிருந்தது, கண்ணாடிப் பிடியில் பட்டிருக்கும், உள்ளே இருக்கிற விளக்கு ஆரஞ்சு நிறம், பட்டால் எரிகிற மாதிரி இருக்கும். எடுத்தேன். வெயிலில் காட்டினேன். எரியவில்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். இடது கைக்கு மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தெரியாது, மணிக்கட்டு வலி என்று வைத்துக்கொள்ளலாம், கட்டைவிரல் அந்தத் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது, முதல்முறையாக அது முரண்டு பிடிக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு டெஸ்டரைக் காட்டி, "எரிஞ்சா உள்ள உசுரு இருக்குன்னு அர்த்தம், தொடாத" என்று அவன் சொல்வான், ஒயரைத்தான் சொன்னான். அப்படியே இடது கையாலேயே கோட்டைத் தொடர்ந்தேன். கோடு நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது, வந்துகொண்டே இருந்தது, அறுபடாமல், கலங்காமல், யாரோ சாக்பீஸால் இழுத்த மாதிரி, கட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மறுபக்க விளிம்பையும் தாண்டி வெளி மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. புல் எரிந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த இடத்தில் யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. யாரும் யாரையும் இங்கே படுக்கவைக்கவில்லை. இந்தக் குழியை வெட்டிய முதல் ஆள் நான். விளிம்பைக் கண்டுபிடிக்கவில்லை, செய்திருக்கிறேன், தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, தொடாத மண்ணை அறுத்து, சுவரைச் செதுக்கி, தரையை நிரவி, மூன்று நாளாக ஒரு கல்லறை கட்டியிருக்கிறேன்.

அவமானமாக இருந்தது முதலில். வேலை தெரிந்தவள் என்று பெயர், இனி சல்லடைக்காரர் அடுத்த பத்துக் களத்துக்கு இதைச் சொல்லிச் சிரிப்பார், சரி சிரிக்கட்டும். ஆனால் தெரிந்த கை ஒரு பொய்யைச் சும்மா செதுக்காதே, அந்தப் பொய்க்கு ஒரு அளவு வேண்டுமே, அளவு எங்கிருந்து வந்தது? பக்கத்துக் குழிகளில் பானைகளோடு படுத்திருந்தவர்களின் கல்லறைகள் குட்டையானவை, முட்டை மாதிரி வட்டமானவை, அவர்களைச் சுருட்டி வைத்துப் புதைத்திருக்கிறார்கள், அவை எதுவும் இப்படி இல்லையே. நான் படுத்தேன். யார் கண்ணும் படாத நேரம், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். மண் குளிர்ந்திருந்தது. என் குதிகாலுக்குக் கீழே இடம் இருந்தது, நிறைய இடம், இது என் அளவில்லை. தோளுக்கும் பக்கத்தில் இடம். வலது பக்கச் சுவரில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு புடைப்பு, வெளிப்பக்கமாகக் குடைந்திருக்கிறேன், தோண்டும்போது அங்கே மண் தானாக இளகி வந்தது, பானை வைக்கிற மாடமாக இருக்கும் என்று நினைத்தேன், நினைத்தேனா… ஏணியிலிருந்து விழுந்து வலது முட்டி உடைந்தபிறகு அண்ணனுக்கு அந்தக் கால் முழுசாக நீளாது. நீட்டிப் படுத்தால் வலிக்கும் என்று முட்டியை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்துப் போட்டுத்தான் தூங்குவான், ஒரே அறையில் தூங்கிய நாளில் அந்த முட்டி என் முதுகில் இடிக்கும், தள்ளிப் படுடா என்று பாதித் தூக்கத்தில் மிதிப்பேன், அவன் தள்ளமாட்டான், தள்ள இடம் கிடையாது. நான் முட்டியை மடக்கிப் பார்த்தேன், என் முட்டி அந்தக் குடைவுக்கு எட்டவில்லை, அவனுக்கு எட்டும். அவனுக்குச் சரியாக இருக்கும். மேலே ஒரு துண்டு வானம் செவ்வகமாக இருந்தது, அழுதேன், வாயைத் திறக்காமல், பல்லில் மண் நறநறக்க. அண்ணியிடம் என்ன சொல்வது என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன், கை மூன்று நாளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டிருக்கிறது.

"அக்கா, என்ன படுத்திட்டீங்க? வெயில் அடிச்சிருச்சா?" படம் வரைகிறவன் தலை செவ்வகத்துக்குள் வந்தது. "முதுகு வலி" என்றேன், எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தேன், மண்ணோடு துடைத்ததால் அழுதது தெரிந்திருக்காது. அவன் குழியைச் சுற்றி ஒரு சுற்று நடந்தான், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். "இப்ப எனக்கும் தெரியுதுக்கா. காலைல தெரியல. இந்தப் பக்கம் நல்லா கறுப்பா இறங்குது பாருங்க, சுத்தமான வெட்டு" என்றான். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லவில்லை, அவன் கண் நிஜமாகவே பார்த்தது. பின்னாலேயே இயக்குநரும் வந்தார், கண்ணாடி சடங்கெல்லாம் முடித்து, "அட, ஆமா. நான்தான் சரியா பாக்கலபோல" என்றார். மூன்று நாள் முன்பு இந்த வார்த்தைக்கு நான் ஆடியிருப்பேன். "இல்ல சார். வெட்டே கிடையாது, நான் வெட்டினதுதான். சாம்பல் கோடு அறுபடாம போகுது, கால்மாட்ல பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார், அவருக்கு ஒரு நொடி போதும், பழைய ஆள். திட்டுவார் என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும்" என்றார், கொஞ்சம் நின்று, "எனக்கும் நடந்திருக்கு" என்றார், யாருக்காக வெட்டினார் என்று நான் கேட்கவில்லை. "படத்துல போடவா வேணாமா சார்?" என்று இவன் கேட்டான். "போடு. இந்த வாரம் வெட்டினதுன்னு எழுது" என்றேன் நான்.

களத்தில் கல் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். அண்ணி முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள், பாவம். "வர்றேன் அண்ணி" என்றேன். "நான் சொல்றேன். அம்மாகிட்டயும் நானே பேசறேன், ரீசார்ஜ் பண்ணட்டும், அதத் தடுக்க வேணாம்." "நீ அழுதியா?" என்றாள். "தூசி" என்றேன். "எனக்கும் இங்க தூசிதான்" என்றாள், அவளுடைய சமையலறையில் என்ன தூசி. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அவள் போனை வைத்தபிறகும் கொஞ்ச நேரம் மேட்டிலேயே நின்றேன், மேலிருந்து பார்க்கையில் அத்தனை சதுரங்களுக்கும் நடுவில் அந்த ஒரு குழி மட்டும் இருட்டிவிட்டிருந்தது, சாய்ந்த வெயிலில் அதன் விளிம்பு அவ்வளவு கூராக, முட்டி இருக்கிற இடத்தில் சின்னதாகப் புடைத்துக்கொண்டு.

மூடுவதற்கு முறை உண்டு. அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கவேண்டும், தாளுக்கு அடியில் இந்தக் காலத்துப் பொருள் ஏதாவது வைக்கவேண்டும், பாட்டில் மூடியோ பேனாவோ, பின்னால் எப்போதாவது யாராவது தோண்டினால், ஓ, இங்கே ஏற்கெனவே ஆள் இறங்கியிருக்கிறார்கள் என்று தெரிவதற்கு. முதல் மண்ணைக் கையால்தான் போடவேண்டும், மண்வெட்டியால் கொட்டினால் தாள் கிழியும், அது வேலை விதி, வேறொன்றுமில்லை. படம் வரைகிறவன் ஒரு பாட்டில் மூடியை நீட்டினான். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டெஸ்டரை வைத்தேன், இடது கை வரக்கூடிய இடத்தில். குழி முழுக்க நிழல், வெயில் மேலே ஏறிப் போய்விட்டது, தாளை இழுத்து மூடும்போது பிடியின் பக்கம் பார்க்கவேண்டாம் என்று பார்க்கவில்லை. இனி தோண்டுகிறவர்களுக்குச் சந்தேகமே வராது, விளிம்பு தெரியும், சாம்பல் கோடு அறுபட்டிருக்கும், உள்ளே ஒரு பொருள் வைத்திருக்கும், ஆள்தான் இருக்கமாட்டான், மண் தின்றுவிட்டது என்று எழுதுவார்கள். குனிந்து கையால் அள்ளிப் போட்டேன், தலைமாட்டில், மார்பில், முட்டியில். பிறகு எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள், சல்லடைக்காரர் வாயைத் திறக்காமல் வேலை பார்த்ததை முதல்முறையாகப் பார்த்தேன். நிரப்பினோம், மிதித்தோம், மறுபடி நிரப்பினோம், தண்ணீர் ஊற்றி மிதித்தோம், தரையோடு தரையாக ஆனது. ஓரத்தில் மண் மிஞ்சிக் கிடந்தது. "என்னக்கா இது, இவ்ளோ மிஞ்சுது?" என்றான் படம் வரைகிறவன். "தோண்டின மண்ணு இளகும், எப்பவும் மிஞ்சும்" என்றேன், நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. மிஞ்சும்தான். வெறும் குழியில் அள்ளிய மண் வெறும் குழிக்கே திரும்பினால் கொஞ்சம் மிஞ்சும், ஒரு சட்டி, இரண்டு சட்டி. இது நீளமாகக் கிடந்தது, ஒரு ஆள் கனத்துக்கு. அவர்கள் கருவிகளைக் கழுவப் போய்விட்டார்கள், நான் அந்த மிஞ்சிய மண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே இடம் எதற்குப் போதாமல் போனது என்று யோசித்துக்கொண்டு.